அறுநூறு ரூபாய் கேசட்டுக்கு ஒரு பொட்டு

முந்தாநாள் காலையில போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டதும், கையில இருந்த கரண்டியோட வாசலுக்கு ஓடினேன். அடுப்புல சாம்பார் கொதிச்சுக்கிட்டு இருக்கு. கொதிக்கட்டும்!

மூணு வாரமா எனக்கு இதே வேலைதான். அவர் பாவம், சாதுவான மனுஷர். வெயில்ல வந்து, "அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க"ன்னு கேட்டுக் குடிச்சிட்டுப் போறவர். அவரைப் பார்த்து நான் ஏன் நடுங்கணும்? அவர் பையில சவுதி ஸ்டாம்ப் ஒட்டின நீலக் கவர் இருக்குமோ... இருந்தா அதுக்குள்ள என்ன எழுதியிருக்குமோ... அந்தப் பயம்தான்.

இத்தனைக்கும் அந்தக் கடிதம் எனக்கு வரப்போறது இல்லை. பக்கத்து வூட்டு மைமூனுக்கு. அப்புறம் உனக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறீங்களா? எல்லாம் ஒரு வீடியோ கேம் கேசட்டால வந்த வினை. 'என்னால வந்த வினை'ன்னு எழுதறதுதான் நியாயம். ஆனா பழியைக் கொஞ்சம் கேசட் மேலயும் போட்டாத்தான் எனக்கு மேற்கொண்டு எழுதக் கை வரும்.

மைமூனுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. வூட்டுக்காரர் ஜமால் பாய் ஒன்பது வருஷமா சவுதியில இருக்கார். மகளோட படிப்புக்காக பெரம்பலூர்ல எங்க பக்கத்து வூட்டுக்குக் குடி வந்தாங்க. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல மார் உசரத்துக்கு ஒரு சுவர். என் பக்கம் கறிவேப்பிலை மரம். காலையில அவ வூட்டுல எண்ணெய் காயுற வாசம் வந்த மறுநிமிஷம், "அக்கா, கறிவேப்பிலை!"ன்னு குரல் வரும். நான் ஒரு கொத்தை ஒடிச்சு நீட்டுவேன். ஏழு வருஷமா எங்க ரெண்டு வூட்டுக்கும் பொழுது விடியறது அப்படித்தான்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவ தையல் மெஷினுக்கு நான்தான் பொட்டு வெச்சுட்டு வருவேன். "எங்களையும் விட்டு வெக்கறது இல்லை நீங்க"ன்னு சிரிப்பா. அந்தப் பொட்டைத் துடைக்கவும் மாட்டா. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி லீவுல வந்தப்ப ஜமால் பாய் எங்களுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி விலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தெரிஞ்சவங்க கேக்கற ஃபாரின் சாமானை அப்படி வாங்கிட்டு வந்து கொடுக்கறது அவர் வழக்கம். டிவியில மாட்டணும். மேல ஒரு கேசட்டைச் செருகணும். கையில ஒரு குச்சியைப் பிடிச்சு ஆட்டணும். வாங்கினது எங்க வூட்டுக்காரர். விளையாடறது...

சரி, சொல்லிடறேன். நான்தான். நாற்பத்திரெண்டு வயசு, தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட், இந்தப் பத்திரிகையில வாராவாரம் உங்களுக்கு நாலு விஷயம் எடுத்துச் சொல்றவ... சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் வாசக் கதவைத் தாழ் போட்டுட்டு அரை மணி நேரம் ராக்கெட் சுடறவ. பகலெல்லாம் அடுத்தவங்க பட்டா மனுவை அடிச்சு அடிச்சு மரத்துப்போன விரலுக்கு அது ஒரு மருந்து. சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, இந்த விலை ஏற ஆரம்பிக்கற வரைக்கும்.

முதல் கேசட் நூத்தம்பது ரூபாய். அடுத்த லீவுக்கு ஜமால் பாய் வந்தப்ப இருநூத்திருபது. "ரியால் ஏறிடுச்சுக்கா"ன்னார். சரின்னேன். அதுக்கடுத்து முன்னூத்தம்பது. "ஏர்போர்ட்ல டூட்டி போட்டுட்டான்." அதுக்கும் சரின்னேன். இந்த வருஷம்? அறுநூறு! ஏன்னு கேட்டா மைமூனுக்கே தெரியலை. "கம்பெனிக்காரன் ஏத்திட்டானாம் அக்கா, எழுதியிருக்காங்க"ன்னா.

அரிசி விலை ஏறினா எனக்குப் புரியும். மழை இல்லைம்பாங்க, லாரி வரலைம்பாங்க. வெங்காயம் ஏறினா அரும்பாவூர்ல அழுகிப்போச்சும்பாங்க. ஆனா டிவிக்குள்ள ஓடற காருக்கு எந்த ஊர்ல மழை பெய்யலை? எந்த வயல்ல பூச்சி விழுந்துச்சு? கேக்க ஆளில்லை. கேட்டாலும் நம்ம கேள்வி கடல் தாண்டிப் போகுமா!

அந்த அறுநூறு ரூபாய் கேசட் ஆயுத பூஜைக்கு மூணு நாள் முன்னாடி வந்துச்சு. லீவுக்கு ஊர் திரும்பின ஒருத்தர் கையில ஜமால் பாய் கொடுத்தனுப்பியிருந்தார். கார் ரேஸ். அரியலூர் ஆலையில வேலை பார்க்கற ஒரு இன்ஜினீயர், தன் மகளோட பிறந்த நாளுக்கு வேணும்னு முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தார். திங்கக்கிழமை வந்து வாங்கிக்கறதா ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்து, அந்த அட்டைப்பெட்டியை நான் பார்த்த பார்வையை மைமூன் பார்த்துட்டா. "எடுத்துட்டுப் போங்கக்கா. மூணு நாள் லீவுதானே? திங்கக்கிழமை வரைக்கும் பீரோவுல சும்மாதான் கெடக்கப் போவுது. பத்திரம் மட்டும்"ன்னா. அடுத்தவர் கேட்டு வெச்ச சாமான். கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தா, எனக்காக.

அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினேன். சைக்கிள் கூட ஓட்டத் தெரியாத நான் வளைவுல திரும்பறேன், டயர் கத்துது, எங்க வூட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து "பிரேக், பிரேக்!"னு கத்தறார். என்ன சந்தோஷம்ங்கறீங்க!

மறுநாள் ஆயுத பூஜை. பூஜைக்கு என்னவெல்லாம் வெப்போம்? அரிவாமனை, கத்திரிக்கோல், அவரோட சைக்கிள் சாவி, என் பேனா, புத்தகம், ரேடியோ. நாலு வருஷமா வீடியோ கேம் பெட்டியும் உண்டு. நமக்குச் சந்தோஷம் கொடுக்கற பொருளாச்சே? பக்கத்துலயே அந்தப் புது கேசட். அதை மட்டும் விட்டா என்ன நினைச்சுக்கும்? அதுவும் அடுத்த வூட்டுப் பொருள், அறுநூறு ரூபாய் பொருள். மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டுன்னா இதுக்குத் தாராளமாவே வெச்சேன். நெஞ்சாரக் கும்பிட்டேன். 'திங்கக்கிழமை வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது'ன்னு வேண்டிக்கிட்டேன்.

சாயங்காலம் எங்க வூட்டுக்காரர்தான் பார்த்தார். "ஏம்மா, சந்தனம் தண்ணியா இருந்திருக்கு போல. கேசட் வாய்க்குள்ள வழியுது பாரு. எடுத்துத் தொடச்சிடவா?"

நான் பாய்ஞ்சேன். "பூஜையில வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும். கை வெக்காதீங்க!"

நம்ம வழக்கம் அதானே? அன்னிக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குப் பூஜை பண்ணிட்டு எடுத்தேன். செருகற எடத்துல சந்தனம் உள்ள போய், காய்ஞ்சு, கெட்டியா ஒட்டிக்கிச்சு. பெட்டியில மாட்டினேன். டிவியில கார் இல்லை, ரோடு இல்லை. சும்மா கறுப்பு.

ஊதினேன். ஈரத் துணியால தொடச்சேன். அது இன்னும் கெடுத்துச்சு. ரேடியோ ரிப்பேர் கடைக்கு ஓடினா, வாசல்ல வாழைக்கன்னைக் கட்டிட்டுப் பூட்டிட்டுப் போயிருக்கான். திங்கக்கிழமைதான் தொறப்பானாம்.

"போய் மைமூன்கிட்ட சொல்லிடு. என்ன, தலையையா எடுத்துடப் போறா?"ன்னார் இவர்.

"அறுநூறுங்க! அவ அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்லுவா?"

"அதைத்தான் சொல்றேன். நாளைக்குச் சொல்றதுக்கு இன்னிக்கே சொல்லு."

சொல்லலை. நான் ஏன் சொல்லலைங்கறதைத்தான் மூணு வாரமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இதே நூத்தம்பது ரூபாய் கேசட்டா இருந்தா? சுவத்துக்கிட்ட நின்னு, "மைமூன், உன் கேசட்டுக்குச் சந்தனாபிஷேகம் பண்ணிக் கொன்னுட்டேன்டி"ன்னு கத்தியிருப்பேன். அவளும் சிரிச்சிருப்பா. அறுநூறுன்னதும் நாக்கு உள்ள போயிடுச்சு. விலை ஏறினது கேசட்டுக்குத்தான், ஆனா பயம் ஏறினது எனக்கு.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் திருச்சிக்கு பஸ் ஏறினேன். ஃபாரின் சாமான் விக்கிற கடை கடையா நுழைஞ்சு, நாலாவது கடையில அதே கார் படம் போட்ட கேசட்டைக் கண்டுபிடிச்சேன்.

"எவ்வளவு?"

"எழுநூறும்மா."

"அறுநூறுதானே?"

"அது போன மாசம்."

போன மாசமாம்! அடிச்சுப் பேசி அறுநூத்தம்பதுக்கு வாங்கினேன். தீபாவளிச் சேலைக்குன்னு எடுத்து வெச்ச பணம். "ஒரிஜினல்தானே?"ன்னு மூணு தடவை கேட்டேன். "ஒரிஜினல்தாம்மா"ன்னு மூணு தடவையும் சொன்னான். வூட்டுக்கு வந்து மாட்டிப் பார்க்கணும்ல? பார்க்கலை. தொட்டா இதுவும் செத்துடுமோன்னு பயம். அப்படியே மைமூனோட அட்டைப்பெட்டிக்குள்ள வெச்சு மூடினேன். செத்த கேசட்டை பீரோவுல புடவை மடிப்புக்குள்ள ஒளிச்சேன்.

திங்கக்கிழமை காலையில சுவத்துக்கு மேல நீட்டினேன். "எப்படி இருந்துச்சுக்கா, நல்லா வெளையாண்டீங்களா?"ன்னா மைமூன். "சூப்பர்"னேன். ஏழு வருஷத்துல அவகிட்ட நான் சொன்ன முதல் பொய். சாயங்காலம் இன்ஜினீயர் வந்து வாங்கிட்டுப் போனார். அப்பாடா... முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

புதன்கிழமை அரியலூர்லேருந்து பஸ்ல வர்ற ஒருத்தர் கையில இன்ஜினீயர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். 'கேசட் டூப்ளிகேட். பத்து நிமிஷத்துல கோடு கோடா வந்து நின்னுடுது. என் மகள் பிறந்த நாள் அன்னிக்கு அழுதாள். சனிக்கிழமை வருகிறேன்.'

மைமூன் அந்தச் சீட்டைச் சுவத்துக்கு மேல என்கிட்ட நீட்டினா. கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு. "அவுங்க அப்படிப்பட்டவுங்க இல்லக்கா. ஒன்பது வருஷத்துல ஒருத்தர்கிட்ட ஒரு சொல் வாங்கினது இல்லை. விலை ஏறிப்போச்சுன்னு மட்டமானதை வாங்கி, நல்லதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களோ? நான் வேற ஒரிஜினல்னு அல்லா மேல சத்தியம் பண்ணித்தானே கொடுத்தேன்!"

அந்த எடத்துல நான் வாயைத் திறந்திருக்கணும். "அப்படியெல்லாம் இருக்காது மைமூன்"னு மட்டும் சொன்னேன். சொல்லிட்டு உள்ள வந்து புழக்கடையில உக்காந்து அழுதேன். எனக்கே என்னைப் பிடிக்கலை.

புதன், வியாழன், வெள்ளி. மூணு நாளும் சுவர் வரைக்கும் போறதும் திரும்பி வர்றதுமா இருந்தேன். சனிக்கிழமை பத்து மணிக்கு இன்ஜினீயர் வந்துட்டார். மனுஷர் நல்லவர்தான், ஆனா கோபம். குரல் இங்க வரைக்கும் கேக்குது. "என்னம்மா இது? உங்க வீட்டுக்காரர் இதை நிஜமாவே சவுதியிலதான் வாங்கினாரா? இங்கயே எங்கயாவது வாங்கி உங்க தலையில கட்டிட்டாரா?"

அதுக்கு மேல என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியலை. பீரோவைத் தொறந்து, புடவை மடிப்புலேருந்து செத்த கேசட்டை எடுத்துக்கிட்டு வாசல் வழியா ஓடினேன்.

"சார், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் அனுப்பின ஒரிஜினல் இதோ இருக்கு. உங்க கையில இருக்கறது நான் திருச்சியில வாங்கி மாத்தி வெச்சது."

சந்தனத்துலேருந்து சேலைப் பணம் வரைக்கும் மூச்சு விடாம சொன்னேன். இன்ஜினீயர் என்னைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார், மோந்து பார்த்தார். அவர் முகத்துல கோபம் போய் சிரிப்பு வந்துடுச்சு. "ஸ்பிரிட் இருக்கா? இல்லை, சென்ட் பாட்டில் இருந்தா கொண்டாங்க, கொஞ்சம் பஞ்சும் வேணும்"ன்னார். மைமூன் சவுதி சென்ட்டைக் கொண்டுவந்து வெச்சா. தீக்குச்சியில பஞ்சைச் சுத்தி, சென்ட்டைத் தொட்டு, செருகற எடத்தைப் பத்து நிமிஷம் துடைச்சார். என் பெட்டியைக் கொண்டுவந்து அவ டிவியில மாட்டினோம். கார் வந்துச்சு, ரோடு வந்துச்சு, டயர் கத்துச்சு.

பத்து நிமிஷ வேலை! அதுக்குத்தான் திருச்சி, அதுக்குத்தான் ஒரு வாரம்.

இன்ஜினீயர் டூப்ளிகேட்டை என் கையில கொடுத்துட்டு, ஒரிஜினலை எடுத்துக்கிட்டு, சந்தனமும் சென்ட்டும் மணக்க மணக்கப் போயிட்டார். நான் மைமூன் பக்கம் திரும்பினேன். "உன் பொருளுக்குப் பொட்டு வெச்சு இப்படி ஆயிடுச்சுன்னு சொல்ல..."

"பொட்டு வெச்சதுக்கா பயந்தீங்க? என் தையல் மெஷினுக்கு வருஷா வருஷம் யாரு வெக்கிறா?" குரல் உசரவே இல்லை. "நேத்துதான் அவுங்களுக்கு லெட்டர் போட்டேன். என்னை நாலு பேர் முன்னாடி பொய் சத்தியம் பண்ண வெச்சுட்டீங்களேன்னு எழுதிட்டேன். மூணு நாளா அவுங்களைச் சந்தேகப்பட்டேனே அக்கா... நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"வா, பை கிளம்பறதுக்குள்ள லெட்டரைத் திருப்பி வாங்கிடலாம்"னு செருப்பை மாட்டினேன்.

ரெண்டு பேரும் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினோம். நேத்து சாயங்காலமே பை போயிடுச்சுன்னுட்டாங்க. அங்கயே ஒரு ஏர்மெயில் கவர் வாங்கி, நின்னபடியே ரெண்டாவது கடிதம் எழுதிப் போட்டா. என்ன எழுதினான்னு நான் கேக்கலை. ஜமால் பாய் இருக்கற எடத்துல போனும் கிடையாது. முதல் கடிதம் முதல்ல போய்ச் சேரும். ரெண்டாவது மறுநாளா, மறுவாரமா? நடுவுல அந்த மனுஷன் தன் அறையில உக்காந்து என்ன நினைப்பார்? ஒன்பது வருஷம் பாலைவனத்துல வெந்துட்டு, பொண்டாட்டி கையால அப்படி ஒரு கடிதம்!

வர்ற வழி முழுக்க அவ பேசலை. அதுக்கப்புறமும் பேசலை. காலையில எண்ணெய் காயுற வாசம் வரும், குரல் வராது. கடைத்தெருவுல கறிவேப்பிலை கேட்டு வாங்கிட்டு வந்தா போல. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தட்டுல வெச்சு எடுத்துட்டுப் போனேன். மகதான் வந்து வாங்கிக்கிட்டா. "அம்மா தொழுவுறாங்க"ன்னா. பழைய சேலையோட வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

என் மரத்துல கறிவேப்பிலை முத்திப்போய்க் கெடந்துச்சு.

இப்ப முந்தாநாளுக்கு வரேன். கரண்டியோட வாசல்ல நிக்கறேன். போஸ்ட்மேன் என் வூட்டைத் தாண்டிப் போய் அடுத்த வாசல்ல சைக்கிளைச் சாய்ச்சார். கையில நீலக் கவர். மைமூன் வாங்கி, அங்கேயே நின்னு பிரிச்சா. நான் உள்ளேயும் போகலை, வெளியேயும் போகலை. அவ முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். படிச்சா. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் சுவத்துக்கிட்ட வந்து, என்னைப் பார்க்காம, ஒரே ஒரு வரியை மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டினா.

"'ரெண்டு லெட்டரும் ஒரே நாள்ல வந்துச்சு. முதல்ல எதைப் பிரிச்சேன்னு கேக்காதே.'"

அவ்வளவுதான் படிச்சா. மீதியை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அந்த வரியை நான் ரெண்டு நாளா மனசுல வெச்சுப் புரட்டிக்கிட்டு இருக்கேன். முதல் கடிதத்தைத்தான் முதல்ல பிரிச்சிருப்பார். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைக் கேக்காதேன்னு எழுதற பெரிய மனசு அவருக்கு இருக்கு. எனக்கு ஒரு கேசட் விலை அளவுக்குக் கூட தைரியம் இல்லாம போச்சு.

அந்த டூப்ளிகேட் கேசட் இப்ப எங்க டிவி மேலதான் கெடக்கு. பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் கோடு கோடா வரும். தூக்கிப் போடச் சொல்றார் இவர். நான் போடலை. எதையாவது ஒளிக்கத் தோணும்போது அதைக் கண்ணால பார்க்கணும் நான்.

இன்னிக்குக் காலையில இதை எழுத உக்காந்தேன். பக்கத்து வூட்டுல எண்ணெய் காயுற வாசம் வந்துச்சு. பேனாவைக் கீழே வெச்சுட்டு, காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்தேன். கடுகு வெடிக்கற சத்தம் கூட கேட்டுடுச்சு. சரி, இன்னிக்கும் இல்லைன்னு பேனாவை எடுத்தேன்.

"அக்கா... கறிவேப்பிலை!"

ஒரு கொத்து கேட்டவளுக்கு ஒரு கிளையையே ஒடிச்சு நீட்டினேன். நல்லவேளை, இது ஒண்ணுக்கு மட்டும் இன்னும் யாரும் விலை வெக்கலை!